பிட்சனுலோக்கில் ஒரு வெற்றிலைத் தட்டு

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தாய்லாந்து அரசு தன் குடிமக்கள் வெற்றிலை போடக் கூடாது என்று உத்தரவு போட்டது. வெறும் அறிவுரை இல்லை, தடை. பாக்கு மரங்களை வெட்டச் சொன்னார்கள். வெற்றிலைக் கொடிகளைப் பிடுங்கச் சொன்னார்கள். அதே காலத்தில் பெண்கள் வெளியே கிளம்பினால் தலையில் தொப்பி இருக்க வேண்டும் என்றும் வந்தது. தொப்பி போடாமல் போனால் அரசு அலுவலகத்தில் காரியம் நடக்காது. கையால் அள்ளிச் சாப்பிடுவதை விட்டுவிட்டுக் கரண்டிக்கும் முள்கரண்டிக்கும் மாறுங்கள் என்றார்கள்.

1938 கடைசியில் பிரதமரான பிபுன் சொங்கிராம் என்ற ராணுவ அதிகாரியின் ஆட்சி அது. 1939 முதல் 1942 வரை 'ரட்டநியோம்' என்ற பெயரில் 12 பண்பாட்டு ஆணைகள் வெளியாயின. முதல் ஆணையே சயாம் என்ற நாட்டின் பெயரைத் தாய்லாந்து என்று மாற்றியது. பின்னால் வந்தவை எதை உடுத்துவது, எந்த நாட்டுப் பொருளை வாங்குவது, ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிப் பங்குபோடுவது என்று வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டன. வெற்றிலைத் தடை இந்த அலையில் சேர்ந்து வந்ததுதான். 

இதையெல்லாம் ஒரு வேடிக்கையான சர்வாதிகாரியின் கிறுக்குத்தனம் என்று படித்துவிட்டுச் சிரித்துக் கடந்துவிடலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் வைத்திருந்தேன். அந்த உத்தரவு எதன் மேல் போய் விழுந்தது என்பது, பிட்சனுலோக் என்ற ஊரில் ஒரு சின்ன மியூசியத்துக்குப் போனபோதுதான் கண்ணில் பட்டது.

*

பிட்சனுலோக் என்றால் விஷ்ணுலோகம். பாங்காக்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 380 கிலோமீட்டர், நான் என்ற நதியின் கரையில் இருக்கிறது. ('நான்' என்பதே அந்த நதியின் பெயர். தமிழில் எழுதும்போது கொஞ்சம் குழப்பும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) பழைய ஊர்தான், ஆனால் பார்த்தால் பழசு தெரியாது. 1957இல் ஒரு பெருந்தீயில் நகரின் பெரும்பகுதி எரிந்துபோனது. அதற்குப் பிறகு எழுந்தது சிமெண்ட் ஊர். சுற்றுலாக்காரர்கள் இங்கே வருவது பெரிய கோயிலில் இருக்கும் பொன்னிற புத்தரைப் பார்க்க. பார்த்துவிட்டுப் பக்கத்துச் சுகோத்தாய்க்குப் பஸ் ஏறிவிடுவார்கள்.

பாங்காக்கில் பத்து வருடமாக வேலை பார்க்கும் திருநெல்வேலி நண்பன் ஒருவனோடு போயிருந்தேன். தாய் எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்கு அவனுக்குப் பழக்கம் உண்டு. "கோயில் எல்லாரும் பாக்குறதுதான். வா, ஒரு சார்ஜண்ட் வீடு காட்டுறேன்" என்று விசுத்கசத் சாலைக்குக் கூட்டிப்போனான்.

அந்த வீடுதான் சார்ஜண்ட் மேஜர் தவீ நாட்டார் அருங்காட்சியகம். தவீ புரணகேத் ராணுவத்தில் இருந்தவர், சிற்பி, புத்தர் சிலை வார்ப்பவர். ஊர்க்காரர்கள் தூக்கிப்போட்ட சாமான்களைச் சேர்த்துவந்தவர். அந்தச் சேகரிப்பை 1983இல் அருங்காட்சியகமாகத் திறந்தார். தோட்டத்துக்கு நடுவே தாய் பாணியில் சில வீடுகள், அவ்வளவுதான். பாங்காக் தேசிய அருங்காட்சியகத்தில் நீங்கள் பார்க்கும் ராஜ சிம்மாசனம், தங்கக் கத்தி, யானை அம்பாரி எதுவும் இங்கே கிடையாது. இங்கே இருப்பது கூடை, முறம், பானை, ஏர், எலிப்பொறி, பாம்புப்பொறி, மீன் பறி, தேங்காய்த் துருவி, வெற்றிலைத் தட்டு, மாட்டுக்குக் காயடிக்கிற கருவி. 

ஒரு நாட்டின் வரலாற்றை ராஜாக்களின் வரிசையாக மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு, இந்த வீடுகள் முதலில் பரண்மேல் கிடக்கும் சாமான் மாதிரித்தான் தெரியும். நின்று பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு மூளை. ஒவ்வொரு பிராணிக்கும் தனிப் பொறி இருக்கிறது. மூங்கிலின் வளையும் குணத்தை வைத்தே ஸ்பிரிங் செய்திருக்கிறார்கள். மீன் உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. அதற்கு வாயில் உள்நோக்கி மடிந்த மூங்கில் சிம்புகள் போதும். ஓடும் தண்ணீருக்கு ஒரு பறி, தேங்கிய தண்ணீருக்கு இன்னொன்று, சேற்றில் ஒளியும் விலாங்குக்கு வேறொன்று. 'சும்' என்ற கூம்புக் கூடையைக் கண்டதும் நண்பன் கத்தியேவிட்டான்: "ஊத்தா! நம்ம ஊர் ஊத்தாடா இது!" ஊத்தாவேதான். கண்மாய் வற்றும்போது நம்மூர்க்காரர்கள் சேற்றில் குத்திக் குத்திக் கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கைவிட்டு மீனை எடுக்கிற அதே கூடை. தாய்லாந்திலிருந்து இங்கே வந்ததா, இங்கிருந்து அங்கே போனதா என்று ஆராயத் தேவையில்லை. மூங்கிலும் முழங்கால் தண்ணீரும் மீனும் இருக்கிற இடத்தில் மனிதன் அநேகமாக இங்கேதான் வந்து சேருவான்.

*

வெற்றிலைச் சாமான்களுக்கு வருகிறேன். தாய் மொழியில் 'சியன் மாக்' என்பார்கள். ஒரு தட்டு அல்லது பெட்டி. அதற்குள் சுண்ணாம்புக்கு ஒரு டப்பி, பாக்குக்கு ஒரு கிண்ணம், வெற்றிலையைச் சுருட்டிச் செருக நீண்ட கூம்பு, ஒரு பாக்குவெட்டி. பல் போன கிழவிக்கு ஒரு இடிகுழல். அவர்கள் சுண்ணாம்பு வெள்ளை இல்லை, மஞ்சள் சேர்த்துச் சிவந்தது. மற்றபடி நம் பாட்டிகளின் வெற்றிலைச் செல்லம்தான். 

"எங்க ஆச்சி மட்டும் இதப் பாத்தா, ஏலே எம் பொட்டி இங்க எப்பிடிலே வந்துச்சின்னு கேப்பா" என்றான் நண்பன்.

இந்தத் தட்டைச் சும்மா வாயில் மெல்லுகிற பழக்கத்தின் துணைச்சாமான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சயாம் அரசர்கள் பிரபுக்களுக்குப் பதவி கொடுக்கும்போது பொன் வெற்றிலைத் தட்டும் கொடுப்பார்கள். தட்டைப் பார்த்தாலே ஆள் யார், எந்தப் படியில் இருக்கிறவர் என்று தெரிந்துவிடும். கீழே குடியானவன் வீட்டில் அதே தட்டு மரத்திலோ மூங்கிலிலோ இருக்கும். விருந்தாளி வந்தால் முதலில் நகர்வது அதுதான். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு ஊர்வலமாகப் போவதற்குத் தாய் மொழியில் இன்றைக்கும் 'கான் மாக்' என்றுதான் பெயர், அதாவது பாக்குக் கிண்ணம். நாம் நிச்சயதாம்பூலம் என்று சொல்வதைப் போல. கடிகாரம் இல்லாத காலத்தில் நேரத்தைக்கூட வெற்றிலையால் அளந்திருக்கிறார்கள். 'ஒரு வெற்றிலை மென்று தீரும் நேரம்' என்பது அவர்களிடம் ஒரு கால அளவு.

அப்புறம் அந்தக் கறுத்த பற்கள். வெற்றிலையால் கறுத்து மினுங்கும் பல் ஒரு காலத்தில் அழகு. வெள்ளைப் பல் நாய்க்கும் பேய்க்கும்தான் என்ற எண்ணம் தென்கிழக்காசியா முழுக்க இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தூதர்கள் வரத் தொடங்கியதும் அரண்மனைக்கு மட்டும் கூச்சம் வந்தது. மன்னர் சுலலோங்கோர்ன் காலத்தில் மேல்தட்டு மெல்ல வெள்ளைப் பல்லுக்கு மாறியது. ஆங்கிலத்தின் 'சிவிலைஸ்டு' என்ற சொல்லையே தாய் மொழிக்குள் 'சிவிலாய்' என்று எடுத்துக்கொண்டார்கள். காலனியாகாமல் தப்பித்த நாடு அது. நாங்கள் நாகரிகமானவர்கள், எங்களைத் திருத்த நீங்கள் வர வேண்டாம் என்று வெள்ளைக்காரனுக்கு நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் அந்தத் தப்பித்தலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

பிபுன் செய்தது அந்தக் கூச்சத்தைச் சட்டமாக்கியது. அவருடைய பண்பாட்டுக் கொள்கைக்கு மூளையாக இருந்தவர்களில் முக்கியமானவர் லுவாங் விசித்வாதகான். நாடகாசிரியர், நுண்கலைத் துறையின் தலைவர். தேசியப் பண்பாட்டை உயர்த்திப் பிடிப்பது அவர்கள் வேலை. அந்த வேலையின் ஒரு பகுதியாக, அந்தத் தேசத்தின் பாட்டிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த ஒன்றை அநாகரிகம் என்று நிறுத்தினார்கள். எது 'தாய்' என்று முடிவு செய்யும் உரிமை பாட்டியிடமிருந்து அலுவலகத்துக்குப் போய்விட்டது.

1944இல் பிபுன் பதவி இழந்தார். கெடுபிடிகள் தளர்ந்தன. கிழவிகள் திரும்பவும் வெற்றிலை போட்டார்கள். ஆனால் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் போடவில்லை. அவர்களுக்கு அது வெட்கமாகியிருந்தது. ஒரு தலைமுறையை வெட்கப்படவைத்தால் போதும், அடுத்த தலைமுறைக்குத் தடையே வேண்டாம். வெற்றிலை போனதோடு நிற்கவில்லை. தட்டைக் கடைந்தவன், அரக்குப் பூசியவன், பாக்குவெட்டி அடித்த கொல்லன், சுண்ணாம்பு டப்பி வார்த்த பித்தளைக்காரன் என்று ஒரு வரிசையே வாடிக்கை இழந்தது. கைத்தொழில் என்பது கையில் மட்டும் இல்லை, வாங்குகிறவன் வாயிலும் இருக்கிறது.

*

இங்கே ஒரு நிமிடம் நின்று யோசித்தேன். 'அந்தக் காலத்தில் பயன்படுத்தப்பட்டது' என்பதுதான் உலகம் முழுக்க இந்த மாதிரி மியூசியங்களில் பொருளுக்கு முன்னால் எழுதிவைக்கிற வாசகம். இந்தச் சின்ன இடத்தில், பாராட்ட வேண்டும், ஒவ்வொரு கருவியும் எப்படி வேலை செய்தது என்று அக்கறையாக விளக்கியிருக்கிறார்கள். ஆனால் பொதுவாக எந்த மியூசியத்திலும் நாம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இது ஏன் நின்றது? கேட்டால் ஒரே பதில்தான் வரும்: காலம் மாறிப்போச்சு. காலத்துக்குக் கை கால் கிடையாது. மாற்றியவர்கள் உண்டு, அவர்களுக்குத் தேதியும் உண்டு.

துணியை எடுத்துக்கொள்வோம். 1855இல் சயாம் பிரிட்டனோடு பௌரிங் ஒப்பந்தம் போட்டது. இறக்குமதிக்கு வரி 3 சதவீதத்துக்கு மேல் போடக் கூடாது. சயாம் அரிசி விற்கும், பிரிட்டன் துணி விற்கும். ஆலைத்துணி மலிவாக வந்து இறங்கியதும் மத்தியச் சமவெளியின் வீடுகளில் பருத்தி நெசவு முதலில் சரிந்தது. குடும்பம் முழுக்க நெல் வயலுக்குப் போனது, நெல் விற்ற காசில் துணி வந்தது. வடக்கிலும் வடகிழக்கில் ஈசானிலும் தறி இன்னும் கொஞ்ச காலம் பிழைத்தது. காரணம் எளிது, ரயில் அங்கே தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. 'பாரம்பரியத்தைக் காப்பாற்றிய பகுதி' என்று நாம் புகழும் பல இடங்கள் சாலையும் ரயிலும் கடைசியாக எட்டிய இடங்கள்தான்.

துணியில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது, அதில் நாமும் இருக்கிறோம். அயுத்தயா காலம் தொட்டு 19ஆம் நூற்றாண்டு வரை சயாம் அரண்மனையும் பிரபுக்களும் உடுத்திய உயர்ந்த பருத்தித் துணிகளில் பல சோழமண்டலக் கரையில் வரைந்து சாயம் தோய்த்தவை. சயாமிலிருந்து மாதிரி வரும், இங்கே அந்தச் சித்திரத்தின்படி துணி தயாராகும், கப்பலேறும். மாதிரிப்படி செய்தது என்ற பொருளில் அவற்றுக்கு 'பா லாய் யாங்' என்றே பெயர். கைகூப்பும் தேவர்கள், தீச்சுடர்போல நெளியும் கொடிகள் என்று அத்தனையும் தாய் உருவங்கள், வரைந்த கை கிழக்குக் கடற்கரைக் கை. அப்படியானால் அது எந்த நாட்டுப் பாரம்பரியக் கைவினை? தேசம் என்ற சொல்லை மேலே போர்த்தினால் எவ்வளவு விஷயம் கீழே மறைந்துவிடுகிறது, பாருங்கள்.

அடுத்து மீன் பறிகள். மழைக்காலத்தில் நதி ஊருக்குள் ஏறும். வயல் குளமாகும். மீன் வயலுக்குள் வந்து முட்டையிடும். தண்ணீர் வடியும்போது மீனும் நதிக்குத் திரும்பும். அந்தத் திரும்பும் வழியில்தான் பறி வைப்பார்கள். சுவரில் மாட்டியிருக்கிற இத்தனை வகைப் பறிகளும் தண்ணீர் ஏறி இறங்கும் அந்தத் தாளத்துக்கு முடைந்தவை. 1970களில் மேலே உத்தரதித் மாகாணத்தில் சிரிகித் அணை வந்தது. அணைக்குக் கீழே தண்ணீர் முன்போல ஏறி இறங்குவது நின்றது. வருடத்துக்கு இரண்டு போகம் வந்தது. கூடவே உரமும் பூச்சிமருந்தும் வந்தன. எருமை போய், தாய்க்காரர்கள் 'இரும்பு எருமை' என்று அழைக்கும் இரு சக்கர உழவு இயந்திரம் வந்தது. விளைச்சல் கூடியது, அதில் பொய்யில்லை. வயலில் மீன் குறைந்தது, அதிலும் பொய்யில்லை. பறி முடைகிறவன் மறந்துபோனதால் பறி சாகவில்லை. அது பிடிக்க வேண்டிய மீனும் தண்ணீரும் இடம் மாறிவிட்டன.

*

இதுவரை படித்துவிட்டு, ஓகோ, பழசெல்லாம் பொன், புதுசெல்லாம் சதி என்று சொல்ல வருகிறான்போல என்று நினைத்திருப்பீர்கள். அந்த நினைப்பை எனக்குச் சமையற்கட்டுப் பகுதியில் ஒரு பாட்டி உடைத்துவிட்டார்.

அங்கே தேங்காய்த் துருவிகள் வரிசையாக இருக்கின்றன. தாழ்வான மரப்பலகை, முன்னால் நீட்டிய இரும்பு நாக்கு. பலகையில் உட்கார்ந்து துருவ வேண்டும். தாய் மொழியில் இதற்கு 'கிரத்தாய்' என்று பெயர், முயல் என்று அர்த்தம். இரும்பின் பல் முயல் பல்லைப் போல இருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். பலகையையே முயலாகச் செதுக்கியதும் உண்டு. வடக்கே போனால் அதே சாமான் பூனையாகிவிடும். தச்சனுக்கு விளையாட்டுப் புத்தி அதிகம். முயல் தவிர வேறு மிருகங்கள், மனிதர்கள், கொஞ்சம் விவகாரமான உருவங்கள்கூடச் செதுக்கியிருக்கிறார்கள். அதைப் பார்த்து நானும் நண்பனும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பக்கத்தில் காலால் மிதித்து நெல் குத்தும் உலக்கை. நீண்ட மரக்கட்டையின் ஒரு முனையை மிதித்தால் மறுமுனை ஏறி இறங்கி உரலில் குத்தும். பேரனோடு வந்திருந்த ஒரு பாட்டி அதன் முன்னால் நின்று ஏதோ சொல்லிச் சிரித்தார். பேரன் போனில் படமெடுத்துக்கொண்டிருந்தான். நண்பன் அவரிடம் பேச்சுக்கொடுத்துவிட்டு எனக்குச் சொன்னான்: "சின்னப் புள்ளையா இருக்கப்ப விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு இத மிதிப்பாங்களாம். அன்னைக்கிச் சோத்துக்கு அன்னைக்கி மிதிக்கணும். பாக்க நல்லாத்தான் இருக்கு, மிதிச்சவளுக்குத்தான் தெரியும்ங்கறாங்க. ரைஸ் மில் வந்தப்ப இவங்க அம்மா அழுதே போட்டாங்களாம், சந்தோசத்துல."

எதுவும் சொல்லத் தோன்றவில்லை. அழிந்தவற்றில் கட்டளையால் அழிந்தவை உண்டு, வணிகத்தால் அழிந்தவை உண்டு. இப்படி, பெண்கள் மனதார விட்டுவிட்டு எழுந்து போனவையும் உண்டு. பெட்டியில் அடைத்த தேங்காய்ப்பால் கடைக்கு வந்தபோது துருவியிலிருந்து எழுந்த எந்தப் பெண்ணும் பாரம்பரியம் போகிறதே என்று கலங்கியிருக்க மாட்டாள். மியூசியத்தில் இரண்டும் ஒரே கூரையின் கீழ், ஒரே மாதிரிப் பழசாக நிற்கின்றன. பிடுங்கப்பட்ட வெற்றிலைத் தட்டும், விட்டொழித்த உலக்கையும். எது பிடுங்கியது, எது விட்டது என்று பிரித்துப் பார்க்காத ஏக்கம் அந்தப் பாட்டியின் அம்மாவுக்குச் செய்கிற அநியாயம்.

*

பிடுங்கிய அரசே பின்னால் திரும்பி வந்ததும் கதையில் இருக்கிறது. 1970இல் ராணி சிரிகித் வடகிழக்கே நக்கோன் பனோம் போனபோது, ஏழைக் கிராமப் பெண்கள் மட்மீ என்ற கட்டுச்சாயப் பட்டுச் சேலைத்துணியை உடுத்தி வந்ததைக் கண்டார். அங்கே தொடங்கிய முயற்சி 1976இல் கைத்தொழில்களை ஆதரிக்கும் அறக்கட்டளையாக ஆனது. பட்டும், யான் லிபாவ் என்ற கொடியில் முடையும் நுட்பமான கூடைகளும் அதன் கையால் உயிர் பெற்றவை. 2001இல் தக்சின் அரசு ஜப்பானின் ஓய்த்தா மாகாணத்தைப் பார்த்து 'ஒரு ஊருக்கு ஒரு பொருள்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. இன்று பாங்காக் விமான நிலையத்தில் கிடைக்கிற பல கைவினைப் பொருட்களில் அந்த முத்திரையைப் பார்க்கலாம். பலன் பெற்ற குடும்பங்கள் ஏராளம்.

1976 என்ற வருடத்தை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். அந்த அக்டோபர் 6 அன்றுதான் பாங்காக்கில் தம்மசாத் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைச் சுட்டும் அடித்தும் கொன்றார்கள். தப்பிய ஆயிரக்கணக்கானவர்கள் காட்டுக்கு, கம்யூனிஸ்ட் கட்சியின் முகாம்களுக்கு ஓடினார்கள். ஒரு பெரிய முகாம் இதே பிட்சனுலோக் பக்கத்து மலையில், பூ ஹின் ரொங் கிலாவில் இருந்தது. அங்கே போன பொறியியல் மாணவர்கள் நெல் குத்த ஒரு நீர்ச்சக்கரம் கட்டினார்கள். ஓடை தள்ளத் தள்ளச் சக்கரம் சுற்றும், சக்கரம் உலக்கையைத் தூக்கித் தூக்கிப் போடும். மிதிக்க ஆள் வேண்டாம். அரண்மனை கிராமத்துத் தறியைக் கண்டுபிடித்த அதே பத்தாண்டில், நகரத்துப் பிள்ளைகள் கிராமத்து உலக்கையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்கள் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க நினைக்கவில்லை, மிதிக்கிற காலுக்கு ஓய்வு தர நினைத்தார்கள். 1982இல் அந்த முகாம் முடிவுக்கு வந்தது. 1984இல் மலை தேசியப் பூங்காவானது. நீர்ச்சக்கரமும் காட்சிப்பொருளானது. சார்ஜண்ட் தவீ தன் வீட்டு மியூசியத்தைத் திறந்தது இந்த இரண்டு வருடத்துக்கும் நடுவில்.

மீன் பறிக்கும் ஒரு மறுபிறவி வாய்த்திருக்கிறது. தாய்லாந்துக் கடைகளில் கல்லாவுக்கு மேலே உள்ளங்கை அளவில் ஒரு குட்டிப் பறி தொங்குவதைப் பார்க்கலாம். 'சாய்' என்ற பறி வகைதான். பணம் உள்ளே வரும், வெளியே போகாது என்ற நம்பிக்கை. மீன் பிடித்த பொறி இப்போது செல்வம் பிடிக்கிறது.

*

சாலையைக் கடந்தால் எதிரே தவீயின் வார்ப்புப் பட்டறை. இது மியூசியமே கிடையாது, வேலை நடக்கிற இடம். களிமண் கரு, அதன் மேல் மெழுகு, மெழுகில் முகம். முகத்தின் மேல் மாட்டுச்சாணம் கலந்த நைசான மண், அதற்கு மேல் கரடு மண். சூடேற்றினால் மெழுகு உருகி ஓடும், அது விட்டுப்போன இடத்தில் உருக்கிய உலோகம் இறங்கும். சுவாமிமலையில் உற்சவ மூர்த்தியைக் கெட்டியாக வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இங்கே ஒரு வித்தியாசம் தெரியும். தாய் புத்தர் உள்ளே பொள்ளல், மண் கருவைச் சுற்றி உலோகம் மெல்லிய தோல்போலத்தான் நிற்கிறது.

இங்கே அதிகம் வார்ப்பது ஊரின் பெரிய கோயிலில் இருக்கும் புத்தர் சின்னரத்தின் நகல்களை. ஜினராஜன் என்பதன் தாய் வடிவம் அந்தப் பெயர். 14ஆம் நூற்றாண்டில் சுகோத்தாய் மன்னர் லித்தாய் செய்வித்தது என்பது மரபு. மன்னர் சுலலோங்கோர்ன் பாங்காக்கில் பளிங்குக் கோயில் கட்டியபோது இந்தப் புத்தரைப் போல ஒன்று வேண்டும் என்று விரும்பினார். மூலத்தைப் பெயர்க்காமல் 1901இல் இங்கேயே நகல் வார்த்துப் பாங்காக்குக்குக் கொண்டுபோனார்கள். ஏற்கனவே இதே ஊரின் இன்னொரு புகழ்பெற்ற புத்தர் பாங்காக்குக்குப் போனவர்தான். ஊர்க்காரர்களுக்கு அந்த நினைப்பு இருந்திருக்கும்.

பட்டறையில் நான் பார்த்தபோது ஒரு பெண் மெழுகுச் சுருள்களைப் புத்தரின் தலையில் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தார். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நாங்கள் நிற்பதை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்தத் தொழிலைக் காப்பாற்ற யாரும் மாநாடு போடத் தேவையில்லை, கோயில்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. எதிரே கண்ணாடிக்குள் இருக்கும் வெற்றிலைத் தட்டுக்கும் இந்த மெழுகுத் தலைக்கும் இடையே ஒரு சாலைதான். தட்டைக் கடைந்தவனின் கைத்திறன் இந்தப் பெண்ணின் கைத்திறனுக்கு இளைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒருவரிடம் கேட்கிற ஆள் இருக்கிறார், மற்றவரிடம் கேட்கிறவர்களை ஓர் உத்தரவு வெட்கப்படவைத்து அனுப்பிவிட்டது.

எனக்கு அதிகாரம் இருந்தால் இந்த மாதிரி மியூசியங்களில் 'அந்தக் காலத்தில் பயன்படுத்தப்பட்டது' என்ற வாசகத்தை எடுத்துவிட்டு, வினையைச் செய்த ஆளோடு எழுதச் சொல்வேன். வெற்றிலைத் தட்டு: 1940களின் தொடக்கத்தில் அரசு தடுத்தது. வீட்டுத் தறி: 1855 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆலைத்துணி விரட்டியது. மீன் பறி: அணை வந்தபின் வயலுக்கு மீன் வரவில்லை. மிதி உலக்கை: மில் வந்தது, பெண்கள் நிம்மதியாக விட்டார்கள். நம் ஊர்களிலும் இப்போது வீட்டுக்கு வீடு, கல்லூரிக்குக் கல்லூரி இப்படிப் பழம்பொருள் மூலை வைக்கிறார்கள். ஆட்டுரல், குந்தாணி, பாக்குவெட்டி, ராட்டினம் எல்லாம் வார்னிஷ் பூசி நிற்கின்றன. அவற்றின் முன்னால் செல்ஃபி எடுக்கிற தம்பி தங்கைகளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பெயர் எழுதுகிற இடத்தில் இன்னும் ஒரு வரி சேருங்கள். யார் நிறுத்தியது, எப்போது, நிறுத்தியபோது அந்த வீட்டில் யார் அழுதார்கள், யார் சிரித்தார்கள். சொல்லத் தெரிந்த பாட்டிகள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள்.